ஏழு மணி என்று எழுதிய சீட்டு

நிகாசியோ கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள். மத்தான்சாஸ் ஊரில் அரசாங்க லாரி ஓட்டுகிற அத்தனை பேரிலும், அடுத்தவர் புறாக்கூடையை ஏற்றிக்கொண்டு போய் வெட்டவெளியில் திறந்துவிட்டு வருகிறவன் அவன் ஒருத்தன்தான். மற்றவர்களைக் கேட்டால், எச்சம் நாறுகிறது, மேலதிகாரி பார்த்தால் வேலை போய்விடும் என்று நூறு நொண்டிச்சாக்கு சொல்வார்கள். நிகாசியோ, "குடுங்கண்ணே, போற வழிதானே" என்பான். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அண்ணே என்று அவன் கூப்பிடுவது பௌதிலியோவை. கயிற்று ஆலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிறவர், அறுபதை நெருங்கிய ஒண்டிக்கட்டை, நிகாசியோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். இரண்டு வீடு தள்ளி, மொட்டைமாடியில் பழைய பலகையும் தகரமும் சேர்த்து அவரே அடித்துக் கட்டிய புறாக்கூடு. அதில் ஐந்தாறு ஜோடிகள் இருந்தாலும், அவர் வாயைத் திறந்தால் வருவது ஒரு ஜோடியின் பேச்சுதான். ஆணின் பெயர் செவிடன். விசிலடித்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், ஆனால் தீவின் அந்தக் கோடியில் கொண்டுபோய் விட்டாலும் பொழுது சாய்வதற்குள் கூட்டுக்கு வந்து நிற்பான். பெட்டை சாம்பலி, பெயரே நிறம்.

அந்த வருஷம் பௌதிலியோ ஒரு வைராக்கியத்தோடு இருந்தார். சாம்பலி முட்டையிட இட, அவற்றை எடுத்து மற்ற பெட்டைகளுக்கு அடியில் வைத்தார். அவள் மறுபடி இட்டாள். ஜூன் மாதத்துக்குள் அந்த ஜோடியின் பிள்ளைகள் மட்டும் பதினொன்று. பொரித்த ஏழாம் நாள் ஒவ்வொன்றின் காலிலும் வளையம் மாட்டினார். அந்த நாளை விட்டால் பாதம் பருத்து வளையம் நுழையாது, வளையம் இல்லாத புறாவுக்குப் பந்தயத்தில் இடமும் கிடையாது. சோப்பிளாங்கியாகப் பொரித்த கடைக்குட்டிக்குப் பட்டாணியைத் தன் வாயில் மென்று கூழாக்கி ஊட்டினார். சிறகு முளைத்ததும் கம்பிவலைப் பெட்டியில் அடைத்து மாடியில் வைத்தார். பறப்பதற்கு முன்னால் தன் வீட்டுக் கூரையும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் தூரத்துக் கடலும் கண்ணில் பதிய வேண்டுமே. அரை வயிறாக வைத்துப் பறக்கவிட்டு, பால் டப்பாவில் பட்டாணியைக் குலுக்கிக் கூப்பிட்டார். பிறகு சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்த் தெருமுனையில் விட்டார், ஆற்றுக்கு அப்பால் விட்டார், அடுத்த ஊரில் விட்டார். பதினொன்றும் வந்தன. இனி கோலோன். எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அதற்குத்தான் நிகாசியோவின் லாரி.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு பௌதிலியோவைக் கல்நெஞ்சுக்காரர் என்பீர்கள். தீனி கிடைப்பது குதிரைக்கொம்பு. பட்டாணிக்கும் சோளத்துக்கும் வரிசையில் நின்று காலில் வேர் விட்டவர்கள்தான் புறா வளர்க்கிறார்கள். வழி தெரியாத பிள்ளைகளைப் பெறுகிற ஜோடிக்குத் தீனி போட அங்கே யாருக்கும் கட்டாது. அந்த ஜோடி சட்டிக்குப் போகும். எல்லாக் கூட்டிலும் அதுதான் நடைமுறை, யாரும் அதற்காக முகம் சுளிப்பதில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, விடியும் முன்னால், பௌதிலியோ கூடையைத் தூக்கி லாரியில் வைத்தார். "மேற்க ஒரு பார்வை பாத்துட்டுத் தெற" என்றார். ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான். கோலோனிலிருந்து வீடு மேற்கே இருக்கிறது. குளிர் மாதங்களில் வாடை, மழையைச் சுமந்து வரும் குளிர்காற்று, இறங்குவதும் அந்தப் பக்கம்தான். வானத்தின் மேற்குக் காலடியில் கறுப்பாய் ஒரு கோடு தெரிந்தால் கூடையைத் திறக்கக் கூடாது, அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். வளர்ந்த புறா எங்கேயாவது ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஐந்து மாதக் குஞ்சுக்கு மழை என்றால் என்னவென்றே தெரியாது.

ஏழு மணிக்குக் கால் மணி இருக்கும்போது கோலோன் வந்துவிட்டது. ரயிலடிக்குப் பின்னால் புல்வெளியில் கூடையை இறக்கித் தண்ணீர் காட்டினான். லாரியில் குலுங்கி வந்த குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும். மேற்கே துடைத்துவிட்டது போல வானம். பென்சில் கையில் இருந்ததால், சீட்டை எடுத்து இப்போதே எழுதிவிட்டான். கோலோன், ஏழு மணி, வானம் சுத்தம், காற்று லேசு. எத்தனை மணிக்குத் திறந்தது என்று தெரிந்தால்தானே வந்து சேர்ந்த வேகத்தை பௌதிலியோ கண்டுபிடிக்க முடியும்.

எழுதிச் சட்டைப்பையில் போடவும் ரெமிஹியோ ஓடி வரவும் சரியாக இருந்தது. ரெமிஹியோ கரும்புத் தோட்டத்து ஆள். ஒரு பழைய டயருக்குப் பதிலாக ஒரு பன்றி என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். வருஷக் கடைசி நாளில் வீட்டில் பன்றி வறுபடாவிட்டால் நிகாசியோ தெருவில் எந்த முகத்தோடு நடப்பான்?

"நிகாசியோ, உன் பன்னி கயித்த அறுத்துக்கிட்டுக் கரும்புக்குள்ள போயிருச்சு. நான் ஒருத்தனா எப்படிப் பிடிக்க?"

"அஞ்சு நிமிஷம் பொறு. கூடையத் தெறந்துட்டு வந்துடறேன்."

"அஞ்சு நிமிஷத்துல அது அடுத்த மாவட்டம் போயிரும். புறா எங்க போகப் போவுது, அடைச்சுத்தானே இருக்கு."

போனான். போகாமல் இருந்திருக்கலாம், கூடையின் கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் மனுஷ புத்தி. இரண்டு மணி நேரம் கரும்புக்குள் விழுந்து புரண்டு, முழங்கையெல்லாம் கிழிந்து, கடைசியில் பன்றி வாய்க்காலில் சிக்கியது. ரெமிஹியோவின் மனைவி காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். பன்றியைக் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு புல்வெளிக்கு வந்தபோது மணி ஒன்பதரை.

கூடையில் வெயில் ஏறியிருந்தது. குஞ்சுகள் அலகைத் திறந்து மூச்சு வாங்கின. நிகாசியோ மேற்கே பார்த்தான். வானத்தின் அடியில், விரல் கனத்துக்கு, கருநீலத்தில் ஒரு கோடு.

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். தெரியாது என்று அவனே பிற்பாடு தனக்குச் சொல்லிப் பார்த்தான், ஒட்டவில்லை. திருப்பிக் கொண்டுபோகலாம் என்றால் பின்னால் பன்றி நிற்கிறது, கூடையை மிதித்துத் துவம்சம் செய்துவிடும். காத்திருக்கலாம் என்றால் பன்னிரண்டரைக்குள் லாரி ஷெட்டில் நிற்க வேண்டும். கோடு தூரத்தில்தானே இருக்கிறது, இதுகள் செவிடனின் பிள்ளைகளாயிற்றே, முந்திவிடும் என்று நினைத்தான். நினைத்தான் என்பதைவிட, நினைத்ததாக வைத்துக்கொண்டான். கதவைத் தூக்கினான். பதினொன்றும் எழும்பிப் போயின.

பாதி வழியில் மழை வந்து லாரி முகத்தில் அறைந்தது. வைப்பர் ஓடியும் சாலை தெரியவில்லை. காற்று லாரியையே ஒரு பக்கமாகத் தள்ளியது. பின்னால் பன்றி உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டே வந்தது. நிகாசியோ ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினான்.

மத்தான்சாஸில் மழை விட்டிருந்தது. பௌதிலியோ நனைந்த சட்டையோடு, டப்பாவைக் கையில் பிடித்தபடியே மாடியிலிருந்து இறங்கி வந்தார். வழக்கம் போல அவரே நிகாசியோவின் சட்டைப்பையில் கைவிட்டுச் சீட்டை எடுத்துப் படித்தார்.

"ஏழு மணிக்கா?"

"ம்" என்றான் நிகாசியோ.

அவன் செய்த பொய் அவ்வளவுதான். ஒரு ம். வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அண்ணே, அது முன்னாடியே எழுதினது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. ராத்திரிக்குள் இரண்டு மூன்றாவது வந்துவிடும், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஏழு மணிக்குத் திறந்தால் எட்டரைக்குக் கூட்டில் இருக்க வேண்டும். இங்கே வாடை இறங்கியது பத்து மணிக்கு. பௌதிலியோ இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். "ஒண்ணரை மணி நேரம் சும்மா கெடந்துச்சுடா வானம். அதுல ஒண்ணுக்குக்கூட வீடு தெரியலையே. பருந்து அடிச்சா ஒண்ணு போகும், ரெண்டு போகும். பதினொண்ணுமா போகும்?"

"ஒதுங்கியிருக்கும்ண்ணே. வரும்."

"எதுக்கு ஒதுங்கணும்? ஏழு மணிக்கு என்ன மழையா பேஞ்சுது?"

அவர் அவனைப் பார்த்துக் கேட்கவில்லை, வானத்தைப் பார்த்துக் கேட்டார். அவனைச் சந்தேகிக்க வேண்டும் என்பதே அந்த மனுஷருக்குத் தோன்றவில்லை. அதுதான் பெரிய கொடுமை. புறா சங்கத்தில் ஒருத்தன், கூடையைத் திறந்தவனை நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்று ஆரம்பித்திருக்கிறான். பௌதிலியோ அவன்மேல் பாய்ந்துவிட்டாராம். நிகாசியோ ஏழுன்னு எழுதினா ஏழுதான், அவனைப் பத்திப் பேசறதா இருந்தா என் முன்னால பேசாத என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்து அதை நிகாசியோவிடமே சொன்னார். "உன்னையும் வீணா அலைய வச்சுட்டேன்டா தம்பி" என்று ஒரு பொட்டலம் காப்பிக்கொட்டையும் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சீ என்று இருந்தது அவனுக்கு.

மனைவியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. சொராய்தா முதல் நாளே பன்றியையும் பார்த்தாள், புருஷனின் கிழிந்த முழங்கையையும் பார்த்தாள்.

"இது கட்டிப் போட்டு நின்ன பன்னி இல்ல. ஓட விட்டுப் பிடிச்ச பன்னி. எத்தனை மணிக்குப் பிடிச்ச?"

சொல்லிவிட்டான். அவள் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"லாரியில உன் பக்கத்து சீட்டுல யார் உக்காந்து வந்தா?"

"யாரும் இல்ல. ஒரு மூட்டை சேப்பங்கிழங்கு."

"அந்த மூட்டையப் பின்னால போட்டுட்டுக் கூடைய முன்னால வச்சிருக்கலாமே."

உண்மையாகவே அது அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் போனதுதான் இப்போது குற்றத்தைவிடப் பெரிதாக உறுத்தியது.

"போய்ச் சொல்லிடுய்யா. திட்டுவாரு. வாங்கிக்க."

"திட்டினா பரவாயில்லடி. திட்ட மாட்டாரு."

"ஓ. அப்ப அவர் நல்லவரா இருக்கறதுதான் உனக்குக் கஷ்டம். பாவம், நீ என்ன செய்வ."

பன்றி துணிக்கொடியின் கீழே படுத்து உறுமிக்கொண்டிருந்தது. சொராய்தா அதற்குக் கஞ்சி ஊற்றும்போதெல்லாம், சாப்பிடு ராசா, உனக்காகப் பதினொரு உசுரு போயிருக்கு என்று புருஷன் காதில் விழும்படி சொன்னாள்.

தினம் வேலை முடிந்ததும் மாடிக்குப் போனான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று ஏணி ஏறுவான், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்குவான். கூட்டின் கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது. பதினொரு குஞ்சுகள் நின்ற கம்பு காலியாக இருந்தது. பௌதிலியோ செவிடனைக் கையில் பிடித்து, சிறகை விரித்து, கண்ணை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்கே குறை என்று தேடுவார்.

"என்னைவிட வழி தெரிஞ்சவன்டா இவன். பிள்ளைங்களுக்கு எப்படி இல்லாமப் போச்சு? எனக்குத்தான் கண்ணு போயிருச்சு போல. ஒரே ஜோடிய நம்பி ஒரு வருஷத்தப் பாழாக்கிட்டேன்."

"அவசரப்படாதீங்கண்ணே."

"எட்டு நாள் பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை முடிச்சுடறேன். இந்த ரத்தத்துக்கு இனிமே தீனி போட என்னால முடியாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ வந்து பிடிச்சுக்கடா. தனியா எனக்குக் கை வராது."

நிகாசியோ கூட்டைப் பார்த்தான். குஞ்சுகள் போனது போனதுதான். ஆனால் இந்த இரண்டும் கண்ணெதிரே குனுகிக்கொண்டு நிற்கின்றன. ஒரு வாக்கியம் சொன்னால் பிழைத்துக்கொள்ளும். வாயைத் திறந்தான். "சரிண்ணே, வரேன்" என்று வந்தது.

சனிக்கிழமை முழுக்க அவன் மூளை ஓடியது. உருப்படியாக ஓடியிருந்தால் சொல்லிவிட்டு வந்திருப்பான். அதுவோ குறுக்கு வழியில் ஓடியது. தனியாகக் கை வராது என்றாரே, நான் போகாவிட்டால் அவர் செய்ய மாட்டார், இன்னும் ஒரு வாரம் கிடைக்கும், அதற்குள் தைரியம் வந்துவிடும். ஞாயிறு காலை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தான்.

"போய், எனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு வா."

சொராய்தா அவன் நெற்றியில் கை வைத்தாள். "ஜில்லுன்னு இருக்கு. வெக்கம் இருந்தாலாவது கொஞ்சம் சுட்டிருக்கும்" என்றாள். ஆனாலும் போய்ச் சொன்னாள். புருஷனாயிற்றே, வேறென்ன செய்வாள். திரும்பி வந்து, "பதறிப் போயிட்டாரு மனுஷன். நிறைய தண்ணி குடிக்கச் சொன்னாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நிகாசியோவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பன்னிரண்டு மணி வரை நிம்மதியாகவே தூங்கினான்.

எழுப்பியது பூண்டு வாசனை.

பௌதிலியோ கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடியில் துணி சுற்றிய ஒரு பாத்திரம்.

"எழுந்து உக்காரு. காய்ச்சலுக்கு இத விட்டா மருந்து கிடையாது." மூடியைத் திறந்தார். சேமியா போட்டு, பூண்டு தட்டி, கொத்தமல்லி கிள்ளிப் போட்ட சூப். சூட்டில் ஆவி பறந்தது. "நீ இல்லாம செய்ய மாட்டேன்னுதான் இருந்தேன். உனக்குக் காய்ச்சல்னு சொராய்தா வந்து சொன்னா பாரு, அப்பத்தான் கை வந்துச்சு. வீணாப் போகலையே, நம்ம நிகாசியோவுக்கு ஆகுதேன்னு."

நிகாசியோ சொராய்தாவைப் பார்த்தான். அவள் கதவருகே நின்று, அடுப்படித் துணியை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பௌதிலியோ கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குடித்தான். ஒரு வாய், இரண்டு வாய். நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பசித்த வயிறு, நல்ல சூப், உடம்பு அது பாட்டுக்கு வாங்கிக்கொண்டது.

"செவிடன் மட்டும்தான் இது" என்றார் பௌதிலியோ. "காய்ச்சல் ஒரு நாள்ல போகாது. சாம்பலிய நாளைக்கு வச்சுத் தரேன். அவ காலையிலிருந்து அவனத் தேடிக்கிட்டு இருக்கா. தேட வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கறதும் பாவம்தான்."

கரண்டி கிண்ணத்தில் விழுந்தது.

"ஒன்பதரை" என்றான் நிகாசியோ.

"என்னது?"

"ஒன்பதரை மணிக்குத்தாண்ணே தெறந்தேன். சீட்டு முன்னாடியே எழுதினது. பன்னி ஓடிப் போச்சு, அதத் தொரத்திக்கிட்டுப் போயிட்டேன். காய்ச்சலும் இல்ல எனக்கு. சாம்பலிய விட்ருங்க. அதுங்க மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் நான்தான்."

பௌதிலியோ தன் கையைக் குனிந்து பார்த்தார். முழங்காலில் இருந்த கையில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது, அதை எடுத்துத் தரையில் போட்டார்.

"மேற்கப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கறுப்பா. விரல் கனத்துக்கு."

"தெரிஞ்சு தெறந்த."

"தெரிஞ்சுதாண்ணே."

நிகாசியோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தான். அவர் ஓங்கி ஒன்று விட்டிருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பான்.

"எத்தனை சுத்து சுத்திச்சுங்க?" என்று கேட்டார் பௌதிலியோ.

புறா வளர்க்கிற எவரும் கேட்கிற கேள்விதான் அது. புது இடத்தில் திறந்துவிட்டால், குஞ்சுகள் மேலேயே வட்டமடித்து வழி தேடும். சில கால் மணி நேரம் சுற்றும், சில தப்பான திசையில் போய்விடும். வழி தெரிந்த ரத்தம் சீக்கிரம் முடிவெடுக்கும்.

"ஒரு சுத்துண்ணே" என்றான் நிகாசியோ. "ஒரே சுத்து. பதினொண்ணும் சேர்ந்து. அப்புறம் நேரா மேற்க. அந்தக் கறுப்பப் பாத்து நேராப் போச்சுங்க."

"ஒரே சுத்து."

"ஆமாண்ணே."

"கடைக்குட்டியும்?"

"அதுவும்."

பௌதிலியோவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. பெருமைதான் அது. சங்கத்தில் பரிசு வாங்குகிறபோது வருகிற அதே பெருமை. அது வந்த பிறகுதான் கண் நிறைந்தது. கையால் துடைக்கவில்லை, வடியவிட்டார்.

பிறகு குனிந்து, விழுந்த கரண்டியைக் கிண்ணத்திலிருந்து எடுத்து, காம்பைத் தன் சட்டையில் துடைத்து, நிகாசியோவின் கையில் வைத்தார். பாத்திரத்தில் மிச்சமிருந்த சூப்பையும் கிண்ணத்தில் சாய்த்தார். கறித்துண்டு ஒன்று சேமியாவோடு வந்து விழுந்தது.

"அண்ணே, என்னால முடியாது."

"குடிடா. அவன வீணாக்காத" என்றார் பௌதிலியோ.

கத்தாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.